கலந்தியாவைக் கடக்க எத்தனை ஒப்புதல் வேண்டும்?

மேற்குக் கரையிலிருந்து இஸ்ரேலுக்குள்ளோ கிழக்கு எருசலேமுக்குள்ளோ போக ஒரு பாலஸ்தீனருக்கு 'தஸ்ரீஹ்' வேண்டும். அனுமதிச் சீட்டுக்கு அரபியில் அதுதான் பெயர். பார்த்தால் ஒரு தாள். அந்தத் தாளுக்குப் பின்னால் ஐந்தாறு தனித்தனி ஒப்புதல்கள் இருக்கின்றன. அவற்றில் எது விட்டுப்போனாலும், ரமல்லாவுக்கும் எருசலேமுக்கும் நடுவில் உள்ள கலந்தியா போன்ற ராணுவச் சோதனைச் சாவடியில் கிடைப்பது ஒரே பதில்: திரும்பிப் போ. எது விட்டுப்போனது என்பது பெரும்பாலும் கூண்டுக்குள் இருக்கும் சிப்பாய்க்கே தெரியாது. சாவடிகளில் நின்று கவனிக்கும் தன்னார்வலர்களின் வேலையில் பாதி அதைக் கண்டுபிடிப்பதுதான். இஸ்ரேலியப் பெண்கள் 2001-இல் தொடங்கிய 'மக்சோம் வாட்ச்' இப்படித்தான் வேலை செய்கிறது. உலகத் திருச்சபை மன்றம் 2002 முதல் வெளிநாட்டுத் தன்னார்வலர்களையும் சில மாதத் தவணைகளில் அனுப்பிவருகிறது.

2023 அக்டோபர் 7-இல் நடந்த ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு பெரும்பாலான வேலை அனுமதிகள் முடக்கப்பட்டுவிட்டன. இங்கே சொல்வது, அதற்கு முன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடந்துபோன நடைமுறை.

முதலில் 'ஹவிய்யா', அதாவது அடையாள அட்டை. பச்சை உறை, ஒன்பது இலக்க எண். விண்ணப்பத்தில் ஒரு இலக்கம் தவறினாலும் அது வேறொருவருடைய விண்ணப்பமாகிவிடும். அடுத்தது காந்த அட்டை. அந்தந்த மாவட்டத்தில் இஸ்ரேலிய ராணுவம் நடத்தும் ஒருங்கிணைப்பு அலுவலகத்தில் நேரில் போய், கைரேகை கொடுத்து வாங்க வேண்டும். இந்த அட்டை இருந்தால் அனுமதி கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அட்டை இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது, அவ்வளவுதான்.

மூன்றாவது படியில்தான் சிக்கல் தொடங்குகிறது. வேலை அனுமதிக்குத் தொழிலாளி தானே விண்ணப்பிக்க முடியாது; இஸ்ரேலிய முதலாளிதான் கேட்க வேண்டும். சீட்டில் அந்த முதலாளியின் பெயர் இருக்கும். வேறொருவரிடம் வேலை செய்து பிடிபட்டால் சீட்டு போய்விடும். இதனால்தான் தரகர்கள் முளைத்தார்கள். பெயரளவுக்கு ஒரு முதலாளியைக் காட்டி, மாதத்துக்கு 2,000 ஷெக்கலுக்கு மேல் வாங்கிக்கொண்டு சீட்டு எடுத்துத் தருவார்கள். கட்டுமானத் துறையில் தொழிலாளி முதலாளியை மாற்றிக்கொள்ளலாம் என்று 2020 டிசம்பரில் விதி வந்த பிறகும் இந்தத் தரகு ஒழியவில்லை. ஒருவர் முழு மாதம் உழைத்தும் கையில் காசு தங்காமல் போவது இதனால்தான்.

விண்ணப்பம் போனதும் பாதுகாப்புச் சோதனை. இங்கே இரண்டு விதமான தடைகள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மாதங்கள் வீணாகும். ஒன்று காவல்துறைத் தடை. கட்டாத போக்குவரத்து அபராதம், மூடப்படாத பழைய வழக்கு போன்றவை காரணமாக இருக்கும். அபராதத்தைக் கட்டி, ரசீதைக் காட்டி நீக்கிவிடலாம். மற்றது உள்நாட்டு உளவு அமைப்பான ஷின் பெத் போடும் பாதுகாப்புத் தடை. அதற்குக் காரணம் சொல்ல மாட்டார்கள். குடும்பத்தில் ஒருவர் ராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தால் அண்ணன் தம்பிகளுக்கும் தடை விழுவதுண்டு. தடையை நீக்கக் கோரி முதலில் ஒருங்கிணைப்பு அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். மறுத்தால் எருசலேம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். 2018 வரை இந்த வழக்குகள் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ரகசியக் கோப்பை நீதிபதி மட்டும் பார்ப்பார். மனுதாரரும் அவருடைய வழக்கறிஞரும் அப்போது வெளியே இருப்பார்கள். தன் மேல் உள்ள குற்றச்சாட்டு என்னவென்றே தெரியாமல் ஒருவர் தன்னைத் தற்காத்துக்கொள்ள வேண்டியிருப்பது பெரிய அநியாயம். ஆனாலும் மனு போடுவது வீண் அல்ல. மனு வந்த பிறகு நீக்கப்பட்ட தடைகளும் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தாலும் சாவடியைக் கடக்க வேண்டும். கலந்தியாவிலும் பெத்லகேமின் 300-ஆம் சாவடியிலும் விடிவதற்கு வெகு முன்பே வரிசை சேர்ந்துவிடும். சுழல் கதவின் இரும்புக் கம்பிகளுக்கு இடையே ஒருவர் சாப்பாட்டுப் பையோடு நுழைகிறார். நடுவில் பூட்டு விழுகிறது. உள்ளே ஒரு பச்சை விளக்கு எரியும்வரை அப்படியே நிற்க வேண்டியதுதான். கைரேகைக் கருவிகள் இருந்த காலத்தில், சிமெண்டும் சுண்ணாம்பும் தேய்த்து வழுவழுப்பாகிப்போன விரல்களை அந்தக் கருவி அடையாளம் காணவில்லை. பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். கலந்தியாவில் 2019 முதல் முகத்தைப் படிக்கும் தானியங்கிக் கதவுகள் வந்து நெரிசல் குறைந்தது. ஆனால் யூதப் பண்டிகை நாட்களில் பொது மூடல் அறிவித்துவிட்டால், செல்லுபடியாகும் சீட்டும் அன்று வேலைக்கு ஆகாது.

நிலத்துக்குப் போகவும் அனுமதி வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. 2002 முதல் கட்டப்படும் தடுப்புச் சுவரின் பெரும்பகுதி மேற்குக் கரைக்கு உள்ளேயே ஓடுகிறது. சுவருக்கும், 1949-ஆம் ஆண்டின் போர்நிறுத்த எல்லையான பசுமைக் கோட்டுக்கும் நடுவில் சிக்கிய நிலத்தை ராணுவம் 2003 அக்டோபர் முதல் மூடிய பகுதியாக அறிவிக்கத் தொடங்கியது. அங்கே சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர் பத்திரம், வாரிசுச் சான்று, அடையாள அட்டை எல்லாம் கொடுத்து விவசாய அனுமதி வாங்க வேண்டும். பின்னாளில் வந்த விதி ஒன்று, 330 சதுர மீட்டருக்குக் குறைந்த நிலத்துக்கு 'விவசாயத் தேவை' இல்லை என்றது. தாத்தா விட்டுச்சென்ற 2,000 சதுர மீட்டர் ஒலிவத் தோட்டத்தை ஏழு வாரிசுகளுக்குப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 286-தான் வரும். அந்த விதிப்படி ஏழு பேருக்கும் மறுப்புதான். மரங்கள் மட்டும் அங்கேயே நிற்கும். அனுமதி இருந்தாலும் சுவரின் வாயிற்கதவு ஒரு நாளில் சிறிது நேரம்தான் திறக்கும். சில கதவுகள் வாரத்துக்குச் சில நாள், சில ஒலிவ அறுவடைக் காலத்தில் மட்டும்.

தன்னார்வலருக்குச் சாவடியில் எந்த அதிகாரமும் இல்லை. அதனால் எழுதுவதைச் சரியாக எழுத வேண்டும். வந்த நேரம், எத்தனை சோதனைச் சன்னல்கள் திறந்திருக்கின்றன, வரிசையின் வால் எங்கே நிற்கிறது. கடைசியில் நிற்பவரின் சட்டை நிறத்தைக் குறித்துவைத்து, அவர் வெளியே வரும்வரை எத்தனை நிமிடம் என்று பார்க்கலாம். முதியவர், நோயாளி, மாணவர்களுக்கான மனிதாபிமான வாயில் திறந்ததா, எப்போது திறந்தது. யாராவது திருப்பி அனுப்பப்பட்டால் சன்னல் எண், சொல்லப்பட்ட காரணம், சீட்டு முடியும் தேதி. அவர் சம்மதித்தால் மட்டும் அடையாள எண். காரணம் சொல்லவில்லை என்றால் 'காரணம் சொல்லவில்லை' என்றே எழுத வேண்டும், ஊகத்தை எழுதக் கூடாது. பிறகு மனு எழுதப்போகும் வழக்கறிஞர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.