கடைசல்

மதுரையில் கப்பலூர் சிட்கோவிலோ கோ.புதூரிலோ இரும்புத் தண்டை உருட்டிச் சீவித் தரும் இடத்துக்குப் பெயர் ‘லேத் பட்டறை’. கட்டில் காலும் தொட்டில் கம்பும் உருட்டித் தருபவர் வைத்திருப்பது ‘கடைசல் பட்டறை’. இரண்டிலும் நடப்பது ஒரே வேலைதான்: பொருள் சுழல்கிறது, உளி அதன்மேல் பட்டுச் சீவுகிறது. லேத்துக்கு நேரான தமிழ் கடைசல் எந்திரம். அதை ஓட்டுபவர் கடைசலர், தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.களில் டர்னர் பிரிவுக்கு இந்தப் பெயர்தான்.

உடை–உடைசல், குடை–குடைசல் போலக் கடை–கடைசல். தயிர் கடைவதும் மரம் கடைவதும் ஒரே வினை. மலையாளத்துக் ‘கடயுக’வுக்கும் கன்னடத்துக் ‘கடெ’க்கும் இதே இரண்டு பொருளும் உண்டு. காரணம் பழைய கடைசல் முறையிலேயே தெரியும். கட்டையை இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டி, அதில் கயிற்றைச் சுற்றி ஒருவர் மாறி மாறி இழுப்பார், மற்றவர் உளி பிடிப்பார். மத்தும் கயிறும் செய்யும் அதே வேலை. கட்டை உளியை நோக்கி வரும் சுற்றில் மட்டுமே சீவ முடியும், திரும்பும் சுற்றில் உளியை விலக்கியாக வேண்டும். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களின் பளபளப்பும் கடைசலில் வருவதுதான்: சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறிவிடும்.

பட்டறையில் ‘லேத் போடுங்க’ என்று மொத்தமாகச் சொன்னால் போதாது. வெளிப்புறத்தைச் சீவுவது கடைசல். ஏற்கெனவே போட்ட துளையை உள்ளே சீவிப் பெரிதாக்குவது குடைசல். ‘16-க்கு அடிச்சுக் கொடுங்க’ என்று சொல்லி, உள்விட்டம் கேட்ட இடத்தில் வெளிவிட்டம் வாங்கிவந்தவர்கள் உண்டு. ‘வெளிக் கடைசல் 32, உள் குடைசல் 16.05’ என்று தாளில் எழுதிக் கொடுத்தால் பித்தளை வீணாகாது.

எடுத்துக்காட்டுக்கு, 10 மீட்டர் போட்டிக்குப் பழகுபவர்கள் ஏர் ரைபிள் குழலில் மாட்டும் எடை வளையத்தைப் பார்ப்போம். குழலின் முன்பக்கம் எடை கூடினால் முனையின் ஆட்டம் நிதானப்படும். கடையில் வாங்கும் வளையம் குழலுக்குச் சரியாக அமையாதபோதுதான் கடைசலரிடம் போகிறார்கள். வெளிவிட்டம் 32 மி.மீ., உள்விட்டம் 16, நீளம் 20 என்றால் கன அளவு சுமார் 12 கன செ.மீ. பித்தளையில் 102 கிராம், எஃகில் 95, அலுமினியத்தில் 33 வரும். போட்டி விதிப்படி ரைபிளின் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. ஆகவே முதலில் ரைபிளைத் தராசில் வைத்துவிட்டுத்தான் உலோகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குழலை மைக்ரோமீட்டரால் மூன்று இடத்திலாவது அளக்க வேண்டும். சில குழல்கள் முனை நோக்கிச் சற்றே சிறுக்கும். 35 மி.மீ. பித்தளைத் தண்டை லேத்தின் சக்கில் (தண்டைக் கவ்விச் சுழற்றும் பிடி) பிடித்து, முகத்தைச் சீவி, நடுப்புள்ளி போட்டு, 8, 12, 15 என்று படிப்படியாகத் துளையிட்டு, கடைசி ஒரு மி.மீ.யைக் குடைசல் உளியால் எடுப்பார்கள். பித்தளையில் சாதாரண டிரில் பிட் ‘கடித்து’ இழுக்கும். பிட்டின் வெட்டு விளிம்பை லேசாகச் சாணை பிடித்து மழுக்கினால் இழுக்காது. கடைசல் உளிக்கும் மேல்சரிவு கூடாது, தட்டையாகவே இருக்கட்டும். 32 மி.மீ. விட்டத்துக்கு நிமிடத்துக்கு 600 சுற்று தாராளம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் குடைசலில்தான். உளித்தண்டு அதன் தடிமனைப்போல 4 மடங்குக்குமேல் வெளியே நீண்டால் வளைந்துகொடுக்கும். துளையின் வாய் ஒரு அளவும் அடி ஒரு அளவுமாகப் போகும், சில நேரம் அதிர்ந்து உள்சுவரில் வரிவரியாய் விழும். கடைசிச் சீவலை ஆழம் கூட்டாமல் அதே இடத்தில் இன்னொரு தடவை ஓட்டினால் ஓரளவு சரியாகும். சூட்டோடு அளக்கவும் கூடாது. 40 டிகிரி ஏறிய பித்தளையில் 16 மி.மீ. துளை ஒரு நூறில் ஒரு பங்கு மி.மீ. பெரிதாகக் காட்டும். இறுக்கமாக உட்கார வேண்டிய வளையத்தில் அது பெரிய வித்தியாசம்.

பிறகு வெளிக் கடைசல், விளிம்புக்கு 1 மி.மீ. சாய்வு, வெட்டியெடுத்தல். வளையத்தை ஒரு பக்கம் பிளந்து, பிளவின் குறுக்கே திருகு போட்டுத்தான் குழலில் இறுக்குவார்கள். அந்தத் திருகு எம்4 (4 மி.மீ. தடிமன்) என்றால், பிளப்பதற்கு முன்பே 3.3 மி.மீ. துளையைக் குறுக்கே போட்டுவிட வேண்டும். பிளந்தபின் போட்டால் பிளவில் பிட் விலகி ஓடும். துளையின் ஒரு பாதியை 4.5-க்குப் பெரிதாக்கி, மறுபாதியில் மரை போட்டு, அதன்பின் 2 மி.மீ. பிளவு வெட்டலாம். பிளவு வெட்டியதும் தண்டுக்குள் அடைபட்டிருந்த இறுக்கம் விடுபட்டு வளையம் சற்றே விரியவோ ஒடுங்கவோ செய்யும். அதனால் குழலில் போட்டுப் பார்த்தபின்தான் வேலை முடிந்தது என்று கொள்ள வேண்டும். பிளவின் ஓரத்துப் பிசிறை அரத்தால் நீக்காமல் மாட்டினால் குழலின் கறுப்புப் பூச்சு ஒரே இழுப்பில் கீறிவிடும்.

எடை வளையம், பின்கட்டைத் தகடு (தோளில் பதியும் தகடு) போன்றவற்றைக் கேட்டுப் போகும்போது, ஏர் ரைபிளுக்குத்தான் என்பதைக் கடைசலரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. தோட்டா சுடும் துப்பாக்கி அப்படியல்ல. அதன் பாகங்களையும் 1959 ஆயுதச் சட்டம் ஆயுதமாகவே எண்ணுகிறது, உற்பத்தி உரிமம் இல்லாத பட்டறை அவற்றைச் செய்துதர முடியாது. விவரம் தெரிந்த கடைசலர் அந்த வேலையைக் கையிலேயே வாங்க மாட்டார்.