டிஸ்சார்ஜ் ஆயிற்று, சரி... அப்புறம்?

"இவருக்கு இப்ப சோம்பேறித்தனம் வந்துருச்சு," என்றார் மனைவி, கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. அவருக்கு 66 வயது. நிமோனியா முற்றி மூன்று வாரம் ஐசியூவில் சுவாசக் கருவியோடு கிடந்தவர். வீட்டுக்கு வந்து நான்கு மாதம். நுரையீரல் எக்ஸ்ரேயும் நன்றாக இருந்தது.

தண்ணீர் போத்தலைக் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். இரண்டு கையாலும் திருகினார். மூடி அசையவே இல்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். இந்தக் காட்சி எனக்குப் பழக்கம், குடும்பத்துக்குத்தான் அதிர்ச்சி. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐசியூ நோயாளிகளின் தொடைத் தசை முதல் 10 நாளிலேயே சராசரியாக 18 சதவீதம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. படுத்தே கிடப்பது மட்டும் காரணமில்லை. நோயின் அழற்சியும் தசையைக் கரைக்கிறது. ஆட்டுக்கால் சூப் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தசைக்கு வேலை கொடுக்காமல் சூப் மட்டும் அதைத் திருப்பித் தராது.

மூளையும் தப்புவதில்லை. அதே ஆண்டு வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஐசியூவிலிருந்து மீண்டு ஓராண்டு கழிந்த பிறகும் மூவரில் ஒருவருக்கு நினைவும் சிந்தனையும் தலையில் நடுத்தர அளவு அடிபட்டவர்களைப் போலவே இருந்தன.

மனைவி தண்ணீர் எடுக்க வெளியே போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார். ஐசியூவில் தாதியர் தன் சிறுநீரகத்தை விற்கப் பேரம் பேசியதைக் கேட்டாராம். பொய் என்று இப்போது தெரிகிறது, ஆனாலும் இரவில் கண்ணை மூட முடியவில்லை. நான்கு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. 'பைத்தியம்னு நினைச்சுடுவாங்க.' கடும் நோயில் வரும் குழப்பத்தில் இப்படிப்பட்ட காட்சிகள் சாதாரணம், பைத்தியமில்லை என்றேன். திரும்பி வந்த மனைவிக்கும் தூக்கமில்லையாம். கணவருக்கு மூச்சு ஓடுகிறதா என்று எழுந்து எழுந்து பார்க்கிறார். குடும்பத்தையும் இது விடுவதில்லை.

பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) வேறு மருத்துவரிடமோ போகும்போது, 'ஐசியூவில் இருந்தேன்' என்று முதலிலேயே சொல்லுங்கள். தூக்கம், பயம், மறதி எல்லாவற்றையும் சொல்லுங்கள். 65 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூரர் என்றால், கழிவறையில் கைப்பிடி பொருத்த வீவகவின் ஈஸ் (EASE) திட்டம் இருக்கிறது. மூச்சுத்திணறல் திடீரென்று கூடினால் மட்டும் காத்திருக்காதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

அவருக்கு நான் கொடுத்த வேலை சின்னதுதான்: நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது, காலையும் மாலையும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் நிறுத்திவிட வேண்டும். போன வாரம் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடை வரை நடந்திருக்கிறார். வழியில் இரண்டு முறை உட்கார்ந்தாராம்.