பழைய பிளாஸ்டிக் தகட்டை லேசரில் வைப்பதற்கு முன்

லேசர் வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். வாங்கி ஓராண்டுகூட ஆகாத இயந்திரத்தைத் திறந்தால் லேசர் தலை ஓடும் கைடு ரெயில் முழுவதும் துரு ஏறியிருக்கும், பேரிங் சிக்கிக்கொள்ளும். கேட்டால், "அக்ரிலிக் தவிர வேறு எதையும் வெட்டவில்லையே" என்பார்கள். விசாரித்துப் பார்த்தால், பழைய சாமான் கடையில் எடைபோட்டு வாங்கிய தகடாக இருக்கும். அங்கே கண்ணாடி போலத் தெரியும் எல்லாமே அக்ரிலிக் என்றுதான் விற்கப்படுகிறது.

உண்மையில் அந்தக் குவியலில் பாலிகார்பனேட்டும் பிவிசியும் கலந்தே கிடக்கும். 2020-இல் கடைகளிலும் அலுவலகங்களிலும் கொரோனாவுக்காக மாட்டிய தடுப்புத் தகடுகள் பலவும் பின்னர் இப்படித்தான் காயலான் கடைக்கு வந்து சேர்ந்தன.

ஆபத்து பிவிசியில் இருக்கிறது. அதன் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். லேசரின் சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளிவந்து, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. ரெயிலை அரிப்பது அதுதான். எனக்கு இயந்திரத்தைவிட, அதன் பக்கத்தில் நாள் முழுவதும் நிற்கும் தொழிலாளியின் கண்ணையும் நுரையீரலையும் பற்றித்தான் கவலை. புகையை இழுக்கும் விசிறி அவரைக் கொஞ்சம் காப்பாற்றலாம். ஆனால் அந்த வாயு இயந்திரத்துக்குள் புகுந்துதான் வெளியேறுகிறது, அடுத்த வீட்டு ஜன்னலுக்கும் போகிறது.

கண்டுபிடிக்கச் செம்புக் கம்பி போதும். 1872-இல் வேதியியலர் பெயில்ஸ்டைன் சொன்ன முறை இது. மரப்பிடி போட்ட கம்பியின் நுனியைத் திறந்த வெளியில், கேஸ் டார்ச்சின் நீலச் சுடரில், சுடரில் நிறம் எதுவும் வராமல் போகும் வரை காய்ச்சுங்கள். சூடு ஆறும் முன் தகட்டின் ஓரத்தில் அழுத்தி, ஒட்டிய துளியோடு மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையானால் குளோரின் அல்லது புரோமின் இருக்கிறது என்று கொள்ளுங்கள். அந்தத் தகடு லேசருக்கு ஆகாது. புகையை முகர வேண்டாம். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பழைய மிச்சம் பொய் சொல்லும்.

ஒரே இடத்தில் தொட்டுப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். பழைய பெயர்ப்பலகையில் அடித்தகடு நல்ல அக்ரிலிக்காக இருக்கும், மேலே ஒட்டிய வினைல் ஸ்டிக்கர் பிவிசியாக இருக்கும். இரண்டு பக்கத்தையும் நடுப்பகுதியையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்புப் போட்ட நீரில் கெட்டியான பிவிசி மூழ்கும். அக்ரிலிக் மெல்ல மேலே வரும். ஆனால் விளம்பரப் பலகைக்காரர்கள் பயன்படுத்தும் சன் போர்டு, நுரைத்த பிவிசி. அது சாதாரணத் தண்ணீரிலேயே மிதக்கும். இந்தச் சோதனையை மட்டும் நம்பிச் சன் போர்டை வெட்டுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

பச்சைச் சுடர் வரவில்லை என்பதாலேயே எதையும் வெட்டிவிடலாம் என்றும் இல்லை. ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் உருகி, ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயுவையும் வெளிவிடக்கூடும். டெஃப்லானில் இருக்கும் ஃபுளோரினைச் செம்புக் கம்பி காட்டாது. பாலிகார்பனேட் கருகி மஞ்சளாகும், தீப்பற்றவும் செய்யும்; மெல்லிய துண்டை வளைத்தால் உடையாமல் வளைந்து கொடுப்பது அதன் அடையாளம், அக்ரிலிக் என்றால் படக்கென்று முறியும்.

சோதித்து அக்ரிலிக் என்று உறுதியான தகட்டில் மார்க்கரால் பெயரையும் தேதியையும் எழுதித் தனி அடுக்கில் வையுங்கள். எழுத்தில்லாத தகடு எதுவும் இயந்திரத்துக்குப் போகக்கூடாது என்று பட்டறையில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதலில்.