இருட்டில் தவறிய கூடாரம்

1462 ஜூன் 17. இன்றைய ருமேனியாவின் தர்கோவிஷ்டே நகருக்கு அருகே ஆட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மெட்டின் பெரும்படை கூடாரம் அடித்துத் தங்கியிருந்தது. எதிரே அந்தப் பகுதியில் அப்போது இருந்த வலாக்கியா நாட்டின் ஆட்சியாளர் மூன்றாம் விளாட். டிராகுலா என்று உலகம் அறிந்த அதே மனிதர்தான். அவரிடம் இருந்த ஆட்கள் மிகக் குறைவு. கிணறுகளில் நஞ்சு கலந்து, சொந்த ஊர்களையே எரித்தபடி பின்வாங்கிப் பார்த்தார். சுல்தானின் படை நிற்கவில்லை. சரி, சுல்தானையே கொன்றுவிடுவோம் என்று முடிவெடுத்தார். பொழுது சாய்ந்து சுமார் மூன்று மணி நேரம் கழித்து, தீப்பந்தங்களோடு குதிரைப்படை முகாமுக்குள் பாய்ந்தது.

அந்த நேரத்தில் முகாமில் இருந்தவர்களின் கண்ணுக்குள் என்ன நடந்திருக்கும்? எனக்கு இந்தப் போரிலேயே பிடித்த பகுதி இதுதான்.

நம் விழித்திரையில் இரண்டு வகை ஒளி உணர் செல்கள் உண்டு. பகலுக்குக் கூம்பு செல்கள், மங்கிய வெளிச்சத்துக்குக் கோல் செல்கள். கோல் செல்களில் இருக்கும் ரொடாப்சின் என்ற நிறமி, வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். அது மறுபடி முழுதாகச் சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் கரண்ட் போனதும் முதலில் எதுவுமே தெரியாமல், அப்புறம் மெல்ல மெல்லச் சுவரும் கதவும் புலப்படுவது இதனால்தான். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு எதிரே ஒரு தீப்பந்தத்தை நீட்டினால், பழகியது வீணாகிவிடும். நெருப்புக்கு அப்பால் வருவது பத்துப் பேரா ஆயிரம் பேரா என்று சொல்ல முடியாது. கோல் செல்களுக்கு நிறமும் தெரியாது. எனவே உடையை வைத்து நம் ஆளா எதிரியா என்று பிரிப்பதும் கடினம்.

இதோடு தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பப்பட்டவரின் மூளை உடனே தெளிவதில்லை. சில நிமிடங்கள், சிலருக்கு அரை மணி நேரம்கூட, யோசனை தடுமாறும். தாக்குபவருக்குக் கிடைக்கும் சாதகம் அந்தச் சிறிய இடைவெளிதான்.

ஆனால் விளாட்டின் வீரர்களுக்கும் அதே கண்கள்தானே. கையில் பந்தம் பிடித்தவருக்கு அதன் வெளிச்ச வட்டத்துக்கு வெளியே எல்லாமே கரும் இருட்டு. சுல்தானின் கூடாரம் என்று நினைத்து அவர்கள் பாய்ந்தது மஹ்மூத் பாஷா, இஷாக் பாஷா என்ற அமைச்சர்களின் கூடாரங்கள் மேல். ஒட்டகங்களும் குதிரைகளும் வெட்டுப்பட்டு விழுந்தன. அதற்குள் ஜானிசாரி எனப்படும் சிறப்புக் காலாட்படை சுல்தானைச் சுற்றி அணிவகுத்துவிட்டது.

வெளிச்சம் வந்துவிட்டால் கூம்பு செல்கள் வேலையைத் தொடங்கும், உடையின் நிறம் தெரியும், வந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரிந்துவிடும். கிழக்கு வெளுக்கும் முன்பே விளாட் தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வெளியேறினார்.