ஈக் அவுட்: இட்டு நிரப்பும் ஒரு வினை

இன்றைய ஆங்கிலத்தில் 'ஈக்' (eke) என்னும் வினை தனித்து வழங்குவதில்லை. 'அவுட்' என்ற துணையோடு, பெரும்பாலும் வறுமையைப் பற்றிய பேச்சில், 'ஈக் அவுட் எ லிவிங்' என்றே காதில் விழுகிறது. அங்கே 'காலம் தள்ளுதல்', 'வயிற்றைக் கழுவுதல்' என்று பொருள் கொண்டால் பிழையில்லை. பழைய நூல்களில்தான் அந்தப் பொருள் இடறும்.

ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில், மற்போருக்கு இறங்கும் ஒர்லாண்டோவிடம் தனக்குள்ள சிறு வலிமையும் அவனைச் சேரட்டும் என்கிறாள் ரோசலின்ட். அவளுடையதை 'ஈக் அவுட்' செய்ய என்னுடையதும் சேரட்டும் என்கிறாள் சீலியா. இங்கே காலம் தள்ள என்ன இருக்கிறது? போதாத ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்து நிறைவாக்குவதே அக்காலப் பொருள். 1599ஆம் ஆண்டையொட்டி எழுந்த 'ஐந்தாம் ஹென்றி'யிலும், மேடையில் காட்ட முடியாததைக் கற்பனையால் நிரப்பிக்கொள்ளுமாறு பார்வையாளரை வேண்டும் இடத்தில் இதே வினைதான் வருகிறது.

பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல்லுக்குப் பெருக்குதல், கூட்டுதல் என்று பொருள். 'பெருக்கு' எனப் பொருள்படும் இலத்தீன் 'ஔகேரே' இதற்கு உறவு. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் கவிதையில் 'மேலும்' என்ற பொருளில் வரும் 'ஈக்' என்னும் இடைச்சொல்லையும் இதனோடு சேர்த்தே எண்ணுவார்கள். கூடுதல் பெயர் என்ற பொருளில் 'அன் ஈக்நேம்' (an ekename) என்றதைப் பிரிக்கத் தெரியாமல்'அ நீக்நேம்' (a nekename) என்று பிரித்ததால், 15ஆம் நூற்றாண்டில் 'நிக்நேம்' பிறந்தது, நம் பட்டப்பெயர்தான். தேனீ வளர்ப்போர், கூட்டின் உயரத்தைக் கூட்டச் செருகும் தாழ்வான சட்டத்தை இன்றும் 'ஈக்' என்றே அழைக்கிறார்கள்.

தமிழில் 'பெருக்கு' என்பதே வேருக்கு மிக அருகில் நிற்கிறது. கொஞ்சமாக இருக்கும் மோரில் தண்ணீர் விட்டுப் பந்தி முழுவதற்கும் எட்டச் செய்வதை 'மோர் பெருக்குதல்' என்கிறோம் அல்லவா? (மோர் பெருக்கி உண்ணச் சொல்லும் சித்த மருத்துவ மொழி உடல்நலம் கருதியது, பற்றாக்குறை கருதியதன்று.) ஆயினும் பொதுவழக்குக்கு 'இட்டு நிரப்பு' என்பதையே தேர்வேன். 'ஒப்பேற்று' என்பதில் எப்படியோ சமாளித்த தொனி ஏறிவிடுகிறது. பழைய வினையில் அது இல்லை.

செயப்படுபொருளைப் பார்த்தால் குழப்பம் தீரும். குறைவாக இருக்கும் பொருள் அங்கே நின்றால், 'தையல் வேலையால் ஓய்வூதியத்தை இட்டு நிரப்பினாள்' என்று எழுத வேண்டும். பிழைப்பு நின்றால், 'தையல் வேலை செய்து காலம் தள்ளினாள்' என்று எழுத வேண்டும்.