பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை

ஜனவரி பிறந்தால் மலேசியாவின் லங்காவித் தீவில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் எங்களுக்கு ஓய்வில்லை. வடகிழக்குப் பருவக்காற்றைப் பிடித்து இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் கிளம்பும் பாய்மரப் படகுகள், கடைசி நேரத்தில் எஞ்சினைக் காட்ட வரும். அப்படி வந்த ஒரு படகில், எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் பம்பின் அடியில் இருந்த சிறு துளை எபாக்சியால் அடைக்கப்பட்டிருந்தது. "ஒழுகிக்கொண்டே இருந்தது, அடைத்துவிட்டேன்" என்றார் உரிமையாளர், கொஞ்சம் பெருமையாகவே. ஆயில் குச்சியை உருவினேன். தண்ணீர் கலந்து எண்ணெய் பால்காப்பி நிறத்தில் இருந்தது.

எஞ்சின் கியரோடு நேராகப் பூட்டிய பம்பில் ஷாஃப்டை, அதாவது சுழலும் தண்டைச் சுற்றி, கசிவைத் தடுக்கும் வளையங்களாக இரண்டு சீல் இருக்கும். ஒன்று கடல்நீரைத் தடுக்க, மற்றது எஞ்சின் எண்ணெயைத் தடுக்க. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலிருந்து வெளியே திறப்பதுதான் அந்தத் துளை. தண்ணீர் சொட்டினால் நீர்ப்பக்கச் சீல் போய்விட்டது. எண்ணெய் சொட்டினால் ஆயில் சீல். துளையை அடைத்தால் சொட்டு நிற்கும், சரி. ஆனால் வெளியே போக வேண்டிய உப்புநீர் எஞ்சினுக்குள் வழி தேடும். பெல்ட்டில் ஓடும் பம்பு என்றால் எண்ணெய் கெடாது, ஆனால் பேரிங் துருப்பிடிக்கும்.

சீல் மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்பார்கள். ஷாஃப்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சீல் உரசித் தேய்ந்த பள்ளத்தில் நகம் சிக்கினால் புதுச் சீலும் நிற்காது. நெடும்பயணம் என்றால் நான் முழுப் பம்பைத்தான் மாற்றச் சொல்வேன்.

கழற்றும் முன் கடல்நீர் வால்வை மூடி, எஞ்சின் சாவியை அதன் கைப்பிடியிலேயே மாட்டிவிடுவது என் பழக்கம். வால்வைத் திறக்க மறந்து ஸ்டார்ட் செய்து, புது இம்பெல்லரை (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) அன்றே கருக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய இம்பெல்லரின் இறக்கைகளை எண்ணுங்கள். குறைகிற துண்டு பெரும்பாலும் கடல்நீர் எஞ்சின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் கிடக்கும். அதை எடுக்காமல் புதுப் பம்பு போட்டும் எஞ்சின் சூடாகிறதே என்று அலுத்துக்கொண்டு பயனில்லை. இறக்கைகளில் கிளிசரின் தடவுங்கள், சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பம்பு மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் தாள் பழையதன் அதே தடிமனில்தான் இருக்க வேண்டும். தடித்துவிட்டால் பம்பு சரியாக உறிஞ்சாது.

அப்புறம் வால்வைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பின்பக்கம் போய் எக்ஸாஸ்டில், அதாவது புகைக்குழாயில், குளிர்வித்த தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். அரை நிமிடத்தில் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

அந்தப் படகில் எண்ணெயை மூன்று முறை வடித்து மாற்றிய பிறகுதான் நிறம் தெளிந்தது.