அலகுத் திமிங்கலம் கரை ஒதுங்கினால்: கயிறு கட்டும் முன்

உயிருள்ள திமிங்கலம் கரை ஒதுங்கினால், கூடுகிற கூட்டம் வாலில் கயிறு கட்டிக் கடலுக்குள் இழுக்கத்தான் பார்க்கும். நல்ல எண்ணம்தான். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடு, கல்லாமொழி கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது, அப்படிக் கடலில் கொண்டுவிட்டவற்றில் சில திரும்பவும் கரைக்கே வந்தன. அலகுத் திமிங்கலங்களில் ஒரு இனமான கியூவியே அலகுத் திமிங்கலத்துக்கு இந்த வைத்தியம் அதைவிடவும் பொருந்தாது. ஆயிரம் மீட்டருக்கும் கீழே போய் இரை தேடுகிற விலங்கு அது. முழங்கால் அளவுத் தண்ணீருக்கு வந்துவிட்டது என்றால், உடம்புக்குள் ஏற்கெனவே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

பாலூட்டிகளில் இவ்வளவு ஆழமும் நேரமும் முக்குளிப்பது வேறு எதுவும் இல்லை. பதிவான அதிகபட்ச ஆழம் 2,992 மீட்டர். அதிகபட்ச நேரம் 222 நிமிடம். வழக்கமான இரைத்தேடல் ஒரு மணி நேரத்தை ஒட்டியிருக்கும். தசையில் மயோகுளோபின் என்ற புரதம் மிகுதி, அதில்தான் ஆக்சிஜன் சேமிப்பு. ஆழம் கூடக்கூட நுரையீரல் சுருங்கி, நைட்ரஜன் ரத்தத்தில் கரைவது குறைகிறது. துடுப்புகளை விலாவில் உள்ள பள்ளங்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டே இறங்கும். சில நூறு மீட்டர் இறங்கும் வரை வாயே திறக்காது. மேல்மட்டத்தில் இவற்றை வேட்டையாடும் ஓர்காக்களின் (கொலையாளித் திமிங்கலங்களின்) காதில் விழாமல் இருக்கத்தான் இந்த மௌனம் என்று கருதப்படுகிறது. கீழே போனதும் சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில் 'டிக்', 'டிக்' என்று ஒலியெழுப்பி, எதிரொலியை வைத்துக் கணவாயைத் தேடும். கடித்துத் தின்ன வேண்டியதில்லை. ஊசிக் குழாயின் தண்டை இழுப்பது போல நாக்கைப் பின்னிழுத்தால் தொண்டைப் பள்ளங்கள் விரியும், இரை உள்ளே போய்விடும்.

ஒரு ஆழமான இறக்கம் முடிந்ததும் உடனே அடுத்ததற்குப் போகாது. இரை தேடாமல், சில நூறு மீட்டர் வரை மட்டும் போய்வரும் முக்குளிப்புகள் வரிசையாக நடக்கும். இடையில் மேலே தங்குவது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம். இந்த ஒழுங்கு குலைவதுதான் ஆபத்து. 2002 செப்டம்பரில் கேனரி தீவுகளுக்கு அருகே கடற்படைப் பயிற்சியில் நடுத்தர அலைவெண் சோனார் (ஒலியனுப்பி நீருக்கடியில் தேடும் கருவி) ஒலிக்கத் தொடங்கி சுமார் நான்கு மணி நேரத்தில் அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கத் தொடங்கின, மொத்தம் 14. உடற்கூறாய்வில் ரத்தக் குழாய்களிலும் உறுப்புகளிலும் வாயுக் குமிழிகளும் கொழுப்பு அடைப்புகளும் தெரிந்தன. வெருண்டு முக்குளிக்கும் முறையை மாற்றியதால், மனித முக்குளிப்பாளருக்கு வருவது போன்ற அழுத்தநீக்க நோய் (ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாவது) வந்திருக்கலாம் என்பதே வலுவான விளக்கம். 2004-இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுற்றி 50 கடல் மைல் தொலைவுக்கு இந்தச் சோனாரைத் தடை செய்தது. அடுத்த பத்தாண்டு அளவில் அங்கே அப்படியொரு கூட்டச் சாவு பதிவாகவில்லை. காரணம் தெரிந்தால் தீர்வு இவ்வளவு நேரடியானது. மற்ற கடற்படைகளுக்கும் இது தெரியாத விஷயமல்ல.

பிளாஸ்டிக் இன்னொரு தொல்லை. 2019 மார்ச்சில் பிலிப்பைன்ஸில் இறந்த ஒன்றின் வயிற்றில், அரிசிச் சாக்குகள் உட்பட 40 கிலோ இருந்தது. இருட்டில் எதிரொலியை நம்பி உறிஞ்சும் விலங்குக்குப் பைக்கும் கணவாய்க்கும் வேறுபாடு தெரிவது கடினம்.

இந்த இனம் இந்தியப் பெருங்கடலிலும் உண்டு. இலங்கைக் கரையிலும் ஒதுங்கியிருக்கிறது. அடையாளம் இவை: ஐந்து முதல் ஏழு மீட்டர் நீளம், குட்டையான அலகு, தொண்டைக்கு அடியில் 'வி' வடிவில் இரண்டு பள்ளம், பின்பக்கம் தள்ளி அமைந்த சிறிய முதுகுத் துடுப்பு. வளர்ந்த ஆணுக்கு மட்டும் கீழ்த்தாடை நுனியில் இரண்டு பல் வெளியே தெரியும். உடம்பு முழுக்கச் சண்டைக் கீறல்கள் இருக்கும். வால் துடுப்பின் நடுவில் பெரும்பாலும் பிளவு இருக்காது. பிளவுவரை அளந்து பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். மேல்தாடை நுனியிலிருந்து வால் விளிம்பின் நடுப்புள்ளி வரை, உடல் வளைவைத் தொடராமல், நேர்கோட்டில் நாடா பிடியுங்கள்.

உயிர் இருந்தால் வனத்துறைக்கோ (இலங்கையில் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ) முதலில் சொல்லுங்கள். வயிறு மண்ணில் படும்படி கிடத்தி, பக்கத் துடுப்புகளுக்கு அடியில் குழி பறியுங்கள். நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியால் போர்த்துங்கள், மூச்சுத் துளையை மட்டும் மூடக் கூடாது. அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக் கூடாது. நிழல் கொடுங்கள். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக் குறித்து வையுங்கள், கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது அதுதான். வாலருகே நிற்க வேண்டாம். அது விடும் மூச்சு முகத்தில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், தொற்று வரலாம். செல்ஃபி எடுக்கும் கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவது தண்ணீர் ஊற்றுவதைவிடப் பெரிய உதவி.

இறந்துவிட்டால் நேரம்தான் எல்லாம். ஒரு நாள் கடந்தால் அழுகல் வாயு சேர்ந்துவிடும், சோனார் குமிழியா இல்லையா என்று பிரிக்க முடியாது. உள்காதைச் சில மணி நேரத்துக்குள் எடுத்து 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் போட வேண்டும். உறையவைத்தால் திசு நுண்ணோக்கிக்கு உதவாது. நகக்கண் அளவு தோலை எத்தனாலில் இட்டால் மரபணுவுக்குப் போதும். பல்லையோ எலும்பையோ வீட்டுக்கு எடுத்துப்போவது இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நடைமுறையில் பெரும்பாலும் ஜேசிபி வந்து அன்றைக்கே புதைத்துவிடுகிறார்கள். 1963-இல் கொழும்புக்கு அருகே ரத்மலானையில் ஒதுங்கிய ஓர் அலகுத் திமிங்கலத்தை அதே ஆண்டில் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல புதிய இனமாக அறிவித்தார். இரண்டே ஆண்டில் அது வேறொரு இனத்தோடு சேர்க்கப்பட்டது. எலும்பு பாதுகாக்கப்பட்டிருந்ததால் 2014-இல் மரபணுச் சோதனை அதைத் தனி இனமாக மீட்டது. ஆகவே புதைத்தே தீர வேண்டும் என்றால், தலையை வெட்டிச் சிதைக்காமல், குழியின் ஜிபிஎஸ் எண்ணை எழுதி வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள். சதை மக்கிய பிறகு மண்டையோட்டை அனுமதியோடு தோண்டி எடுக்கலாம்.